பூட்டிய அலமாரியில் இருக்கும் என் பாடங்களை மீட்டுத் தரக் கோருதல்

அனுப்புநர்:
கேட்போர் பிரதிநிதி,
வாசிப்போர் மன்றம் (மாணவர் அமைப்பு),
அரசியல் அறிவியல், மூன்றாம் ஆண்டு,
மாணவியர் விடுதி, தரைத்தளம்.

பெறுநர்:
மாணவர் நல அதிகாரி அவர்கள்,
நிர்வாகக் கட்டடம், முதல் மாடி.

பொருள்: தேர்தல் பிரசாரம் தொடர்பாக வாசிப்போர் மன்றத்துக்குள் எழுந்த தகராறு – விசாரணை என்ற பெயரில் பாட ஒலிப்பதிவுகள் முடக்கப்பட்டது – தேர்வுக்கு முன் அவற்றை விடுவித்து, எனக்குத் தேர்வெழுதித் தருபவரையும் உறுதிசெய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். எனக்குக் கண் தெரியாது. பரிதாபத்துக்காக இதை முதலில் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் பின்னால் வரும் எதுவும் தங்களுக்கு விளங்காது. இந்த மனுவை நானே கணினியில், அது ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லக் கேட்டுத் தட்டச்சு செய்திருக்கிறேன். வழக்கமாக மன்றத்தில் யாரையாவது பிடித்து எழுதச் சொல்வேன். இப்போது எவரை எழுதச் சொன்னாலும் இது அவர் கட்சியின் மனு ஆகிவிடும். எழுத்துப்பிழை ஏதும் இருந்தால், அது எந்தத் தரப்பையும் சாராத பிழை என்று கொள்ள வேண்டுகிறேன்.

2. வாசிப்போர் மன்றம் என்பது, கண் தெரியாத மாணவர்களுக்குப் பாடப்புத்தகங்களை வாய்விட்டுப் படித்து ஒலிப்பதிவு செய்து தரும் மாணவர் அமைப்பு. நூலகத்தின் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறைதான் எங்கள் பதிவறை. சுவரெங்கும் பழைய மெத்தைப் பஞ்சு ஒட்டியிருக்கும். பதிவின்போது மின்விசிறியை அணைத்துவிட வேண்டும் என்பதால், படிப்பவர் வியர்வையில் குளித்துவிட்டுத்தான் வெளியே வருவார். எங்களுக்குரிய புத்தகங்கள் பெரும்பாலும் பழைய அச்சு. கணினியைப் படிக்கவிட்டால் மென்று துப்பியதுபோல் வருகிறது. ஆகவே மனிதக் குரலை விட்டால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

3. வேலை நடக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், தகராறு அதற்குள்தான் இருக்கிறது. ஒருவர் படிப்பார். எதிரே இன்னொருவர் அதே புத்தகத்தின் வேறொரு படியை வைத்துக்கொண்டு வரிவரியாகத் தொடர்வார். தவறு வந்தால் மேசையைத் தட்டுவார். படிப்பவர் அந்த வாக்கியத்தைத் திரும்பப் படிப்பார். தட்டுபவருக்கு வாய் திறக்க அனுமதி இல்லை. படிப்பவருக்குச் சொந்தக் கருத்து சொல்ல அனுமதி இல்லை. இந்த ஏற்பாட்டில்தான் என் இரண்டு ஆண்டுப் படிப்பும் ஓடியது.

4. எங்கள் மன்றத்தில் மிகச் சிறந்த வாசிப்பாளர்கள் இருவர். கேட்பவர்களாகிய நாங்கள் குரலை வைத்துப் பட்டப்பெயர் சூட்டுவது வழக்கம். ஒருவர் புள்ளியியல் முதுகலை படிப்பவர். பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிப்பதால் ‘அடிக்குறிப்பு’ அண்ணன். மற்றவர் வணிகவியல் இறுதியாண்டு. இரண்டு மணி நேரப் பாடத்தை ஒரு மணி நேரத்தில் முடித்தும் ஒரு சொல் சிதையாது, ஆகவே ‘மின்னல்’ அக்கா. இருவரும் ஜோடியாக வேலை செய்தவர்கள். அண்ணன் தட்டினால் அக்கா சிரித்துக்கொண்டே திருத்துவார். அந்தச் சிரிப்பை அழிக்க மறந்து, பல பாடங்களின் நடுவே அது அப்படியே கிடக்கிறது.

5. இந்த நிலையில் நகர்மன்றத் தேர்தல் வந்தது. பல்கலைக்கழகத்தை ஒட்டிய வட்டத்தில் (வார்டில்) பேருந்துத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவரும், மருந்துக்கடை நடத்தும் அம்மையார் ஒருவரும் நின்றார்கள். அடிக்குறிப்பு அண்ணன் சங்கத்துக்காரருக்கு வேலை செய்தார். மின்னல் அக்கா மருந்துக்கடை அம்மாவுக்கு வேலை செய்தார். இதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில் பிரசாரம் செய்யலாம், மன்றத்தின் பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்று எங்கள் விதிகளிலேயே தெளிவாக இருக்கிறது. ஒரே வரி. அந்த ஒரு வரியைப் பின்பற்றியிருந்தால் தங்களுக்கு இந்த மனு வந்திருக்காது.

6. முதல் புகார், அண்ணன் சட்டையில் சின்னம் குத்திக்கொண்டு பதிவறைக்குள் வந்தார் என்பது. நியாயமான புகார். கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். அதோடு விட்டிருக்கலாம். அடுத்தது, அக்காவின் தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்த படம். அதன் பிறகு குடையின் நிறம். அதன் பிறகு கைப்பேசியின் அழைப்பொலி. ஐயா, அந்த அறையில் கேட்பவர்களாகிய எங்களில் ஒருவருக்கும் சின்னமும் தெரியாது, படமும் தெரியாது, குடையும் தெரியாது. யார் கண்ணிலிருந்து எதை மறைக்க இவ்வளவு பாடுபட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

7. இதைத் தீர்த்திருக்க வேண்டியவர் எங்கள் தலைவர். கட்டுமானப் பொறியியல் மாணவர், தங்கமான மனிதர், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அண்ணன் போய் முறையிட்டபோது, “நீ சொல்றது சரிதான்பா” என்றார். அக்கா போய் முறையிட்டபோது, “நீங்க சொல்றதும் சரிதானேம்மா” என்றார். இரண்டும் எப்படிச் சரியாகும் என்று நான் போய்க் கேட்டபோது, “அட, நீ கேக்கறதுகூட சரிதான்” என்றார். கடைசியில் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார். இரு தரப்பிலிருந்தும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்கள். நடுநிலையான தலைவர் ஒருவர் வேண்டுமென்று தேடி, ஊரில் தேர்தல் நடப்பதே தெரியாத ஓர் ஆராய்ச்சி மாணவரை ஆய்வகத்திலிருந்து அழைத்து வந்தார்கள். அவர் முதல் கூட்டத்தில் கேட்ட முதல் கேள்வி, “எந்தத் தேர்தல்?” என்பது. இன்றுவரை அக்குழுவில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான்.

8. அக்குழு தன் அறிவையெல்லாம் கூட்டி ஒரு விதி செய்தது. இனி எந்தப் பாடத்தையும் ஒரு தரப்பார் படித்தால், எதிர்த்தரப்பார்தான் எதிரே அமர்ந்து தட்ட வேண்டும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அதுவரை பிழைக்காகத் தட்டியவர்கள் அன்றிலிருந்து தொனிக்காகத் தட்ட ஆரம்பித்தார்கள். என் தேர்வுக்கு உரிய பாடங்கள் ‘தேர்தல் முறைகள்’, ‘அழுத்தக் குழுக்கள்’, ‘உள்ளாட்சி நிதி’. வேறு துறை மாணவியாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். தாவரவியல் படிக்கும் தோழர் ஒருவருக்கு வேர், தண்டு, இலை எல்லாம் ஒரு தட்டும் இல்லாமல் கிடைத்துவிட்டன. எனக்கோ, ‘தொழிற்சங்கங்கள்’ என்ற சொல் வந்தால் ஒரு தட்டு. ‘தனியார் வணிகம்’ என்றால் இரண்டு தட்டு. ஒரு பத்தியைப் படிப்பவர் ஏழு முறை திரும்பப் படித்திருக்கிறார். ஏழாவது முறை அவர் குரலில் எந்தத் தொனியும் இல்லை, உயிரும் இல்லை.

9. முத்தாய்ப்பாக, ‘தேர்தல் வாக்குறுதிகளில் பெரும்பாலானவை நிறைவேற்றப்படுவதில்லை’ என்ற வாக்கியத்துக்குப் பின் மின்னல் அக்கா பெருமூச்சு விட்டார், அது சங்கத்துக்காரரைக் குறிவைத்து விடப்பட்ட பெருமூச்சு என்று அண்ணன் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தார். ‘அழுத்தக் குழுக்கள்’ பாடத்தை அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படித்தார் என்று அக்கா எதிர்ப்புகார் கொடுத்தார். குழு இரண்டையும் ஏற்றுக்கொண்டது. ஒலிப்பதிவில் நெஞ்சு நிமிர்ந்திருப்பது எப்படிக் கேட்கும் என்று நான் மட்டும் கேட்டேன்.

10. பிறகு என்னைச் சாட்சியாக அழைத்தார்கள். அந்தப் பெருமூச்சைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டி, இது அரசியல் பெருமூச்சா இல்லையா என்று சொல்லச் சொன்னார்கள். மின்னல் அக்காவுக்கு இளைப்பு உண்டு, விசிறி இல்லாத அறையில் பக்கத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்கும் என்றேன். புள்ளியியல் பாடத்திலும் இதே பெருமூச்சை விட்டிருக்கிறார், அங்கே எந்த வேட்பாளரும் நிற்கவில்லை என்றும் சொன்னேன். அண்ணன் தரப்பார் என்னை மருந்துக்கடைக்காரி என்றார்கள். சரி, அண்ணன் எல்லாப் பாடத்தையும் ஒரே குரலில்தான் படிப்பார், அவர் நெஞ்சு பிறந்ததிலிருந்தே நிமிர்ந்துதான் இருக்கிறது என்றேன். அக்கா தரப்பார் நான் விலைபோய்விட்டேன் என்றார்கள். வெளியே வரும்போது வாசலில் யாரோ கையைப் பிடித்து, “அதெல்லாம் விடு தங்கச்சி, நீ யார் பக்கம்னு மட்டும் சொல்லு” என்று கேட்டார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் என்றேன். அதுவரைதான் பாடத்தைக் கேட்டு முடித்திருந்தேன்.

11. அத்தோடு நின்றிருந்தால் தங்களிடம் வந்திருக்க மாட்டேன். விசாரணை முடியும்வரை தொடர்புடைய ஒலிப்பதிவுகள் தடயங்கள் என்று குழு தீர்மானித்தது. மூன்று பாடங்களையும் ஒரு சேமிப்பட்டையில் (பென் டிரைவில்) ஏற்றி மன்றத்தின் இரும்பு அலமாரியில் வைத்தார்கள். கணினியில் இருந்தால் யாராவது பெருமூச்சை வெட்டிவிடுவார்கள் என்று அங்கிருந்த பிரதியை அழித்தார்கள். அலமாரிக்கு இரண்டு பூட்டு. தரப்புக்கு ஒரு சாவி: ஒன்று அண்ணனிடம், மற்றது அக்காவிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். இருவரும் சேர்ந்து வந்தால் சமரசமாகிவிட்டதாக அவரவர் ஆட்கள் நினைப்பார்களாம், ஆகவே வர மாட்டார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை கேட்டிருக்கிறேன். பூதத்தைப் பிடிக்கப் போய்க் கிணற்றுக்கே பூட்டுப் போட்டவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

12. தேர்தல் முடிந்துவிட்டது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். மன்றத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் தெரியாதோ என்று சில நேரம் சந்தேகம் வருகிறது. சங்கத்துக்காரரும் தோற்றார், மருந்துக்கடை அம்மாவும் தோற்றார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள்; மூன்றாவதாக நின்ற தண்ணீர் லாரி முதலாளி வென்றுவிட்டார். அவருக்காக எங்கள் மன்றத்தில் ஒருவர்கூடப் பெருமூச்சு விட்டதில்லை. தோற்ற இரு வேட்பாளர்களும் ஒரே மேசையில் தேநீர் குடித்துப் பேசிக்கொண்டிருந்ததாக விடுதிக் காவலர் சொன்னார். எங்கள் குழுவோ அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்திருக்கிறது. ஓட்டைப் பிரித்தது யார் என்பதையும் விசாரிக்கப் போகிறதாம்.

13. இதற்கிடையில் எனக்குத் தேர்வெழுதித் தருபவர் விஷயம் வேறு. நான் சொல்லச் சொல்ல எழுத, வேறு துறை மாணவர் ஒருவரை மன்றம் அனுப்ப வேண்டும். இரண்டு ஆண்டுகளாக மின்னல் அக்காதான் எழுதினார். என் வேகமும் அவர் கையும் பழகிவிட்டன. இப்போது, அரசியல் தேர்வை அவர் எழுதினால் என் விடைத்தாளில் தன் கட்சியை நுழைத்துவிடுவார் என்று ஆட்சேபம் வந்து, அதுவும் குழுவின் முன் கிடக்கிறது. நான் ஒன்று சொல்ல அவர் ஒன்று எழுதுவார் என்பது அவருக்கு அவமானம். அப்படி மாற்றி எழுதினால் எனக்குத் தெரியாது என்று எல்லோரும் சேர்ந்து நினைப்பது எனக்கு அவமானம். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

14. என்னால் ஆனதைச் செய்யாமல் தங்களைத் தொந்தரவு செய்யவில்லை. என் தாயார் மருத்துவமனையில் செவிலியர். என் நிலையைக் கேட்டு, புத்தகத்தின் இன்னொரு படியை வாங்கி, இரவுப் பணி முடிந்து வீடு திரும்பியதும் தொலைபேசியில் படித்துக் காட்டத் தொடங்கினார். ‘விகிதாசாரப் பிரதிநிதித்துவம்’ என்ற சொல்லை மூன்று துண்டாக்கிப் படித்துவிட்டு, “இதை வச்சு என்னடி பண்ணுவாங்க?” என்று கேட்பார். விளக்குவேன். ஒருநாள் காலை, பத்தியின் நடுவே குரல் குழைந்து நின்றுவிட்டது. புத்தகம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு மூச்சுச் சத்தம் மட்டும். தூங்கிவிட்டார். அழைப்பை உடனே துண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று மாலையே, இனிப் படிக்க வேண்டாம், மன்றத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவரிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை மெய்யாக்க வேண்டிய அலுவலகம் தங்களுடையது.

15. இந்தத் தேர்வில் தேறினால்தான் சட்டக் கல்லூரியில் எனக்குக் கிடைத்திருக்கும் இடம் நிலைக்கும். தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போகும். மறுதேர்வு எழுதலாமே என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஆறுதல் சொன்னார். எழுதலாம், ஐயா. மறுதேர்வுக்குள் அடுத்த தேர்தல் ஏதும் வராமல் இருக்க வேண்டும்.

16. தகராறு ஓயும்வரை மன்றத்தையே இடைநிறுத்தம் செய்யலாம் என்று தங்கள் அலுவலகத்தில் பேசப்படுவதாகக் கேள்விப்பட்டேன். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். மாணவர்கள் அரசியல் பேசக்கூடாது என்றும் நான் கேட்கவில்லை. அரசியல்தான் என் படிப்பு. அது இல்லாத இடம் இருக்கிறது என்று நம்பும் வயதும் எனக்குக் கடந்துவிட்டது. நான் கேட்பதெல்லாம் இவைதான்:

(அ) அலமாரியைத் தங்கள் முன்னிலையில் திறந்து, மூன்று பாடங்களையும் உள்ளது உள்ளபடியே எனக்குத் தர வேண்டும். யாரும் எதையும் திருத்த வேண்டாம். தட்டலை நீக்கவே இன்னொரு குழு போடுவார்கள்.

(ஆ) மின்னல் அக்காவே எனக்குத் தேர்வெழுதித் தருவார் என்று தாங்கள் உத்தரவிட வேண்டும். சந்தேகம் உள்ளவர்கள் தேர்வறையில் கண்காணிப்பாளர் ஒருவரை எங்கள் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்ளட்டும்.

(இ) பிரசாரம் பற்றிய எந்தப் புகாரையும் பதிவறைக்கு வெளியே விசாரிக்க வேண்டும், விசாரணை நடக்கும்போதும் வாசிப்பு நிற்கக்கூடாது, விசாரிக்கும் குழுவில் கேட்பவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று மன்ற விதியில் சேர்க்க வேண்டும். இதுவரை எங்களைச் சாட்சியாக அழைத்தார்களே தவிர, ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்கவில்லை.

17. இறுதியாக ஒன்று. இந்தப் பத்தியையும் அடுத்ததையும் மட்டும் தாங்கள் படித்தபின் மனதோடு வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நேற்று முற்பகல் அடிக்குறிப்பு அண்ணன் விடுதி வரவேற்பறைக்கு வந்தார். அந்த மூன்று பாடங்களையும் தன் அறையிலேயே கைப்பேசியில் பதிவு செய்து தருவதாகச் சொன்னார். தன் ஆட்களுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்றார். “அவளுக்கும் தெரிய வேணாம் தங்கச்சி” என்று இரண்டு முறை சொன்னார். நேற்றுப் பிற்பகல் மின்னல் அக்கா வந்தார். அதே பாடங்கள், அதே கைப்பேசி யோசனை. “அவன் காதுக்கு மட்டும் போயிடக் கூடாது” என்றார். போகும் முன், அவன் வந்தானா, நன்றாக இருக்கிறானா என்றும் கேட்டார்.

18. நான் இருவரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திருட்டுத்தனமாகக் கேட்க வேண்டிய பாடம் அல்ல அது. எனக்குப் பிறகு வருபவர்களுக்கு எந்த அண்ணன், எந்த அக்கா ஒளிந்து வந்து படிப்பார்கள்? ஆனால் ஒன்று புரிந்தது. இருவருக்குமே திறக்க ஆசைதான். முதலில் கை நீட்டியவர் தோற்றவர் ஆகிவிடுவாரே என்றுதான் இரண்டு சாவியும் அவரவர் பையில் கிடக்கின்றன. ஆகவே தங்கள் உத்தரவை நயமாக எழுத வேண்டாம். இருவரையும் மன்றப் பதிவேட்டில் உள்ள பெயர் சொல்லி, நாலு வார்த்தை கடுமையாகத் திட்டி, நாளையே சேர்ந்து வந்து திறக்காவிட்டால் நடவடிக்கை பாயும் என்று எழுதுங்கள். வேறு வழியில்லாமல்தான் வந்தோம் என்று இருவரும் அவரவர் ஆட்களிடம் சொல்லிக்கொள்ளட்டும். அவர்களுக்கு வேண்டியது ஒரு சாக்கு, ஐயா. அதைத் தாங்கள் கையெழுத்திட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தால் போதும்.

பொறுமையின் கடைசிப் பிடியில் இருக்கும்,

(கையொப்பம்)
கேட்போர் பிரதிநிதி,
வாசிப்போர் மன்றம்.

நாள்: வாக்கு எண்ணிக்கைக்கு அடுத்த வாரம், திங்கட்கிழமை.
இடம்: மாணவியர் விடுதி.